டெக்சாஸ் காலேஜ் டிஎஸ்ஐ டெஸ்ட்: மேத்ஸ், இங்கிலீஷ் ரெண்டும் வரல, திரும்ப எழுதவா இல்ல கோரெக்விசிட் எடுக்கவா?

கரூர்_சுதா:
எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கோம், வந்து 9 வருஷம் ஆச்சு. நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், பிஎஸ்சி ரெண்டாவது வருஷத்துல கல்யாணம் ஆகி படிப்பு அங்கயே நின்னு போச்சு. சின்னவ இப்ப கிண்டர் போக ஆரம்பிச்சிட்டா, சரி இனியாவது படிக்கலாம்னு கம்யூனிட்டி காலேஜ்ல அப்ளை பண்ணேன், நர்ஸிங் போகணும்னு ஆசை, அதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய பாடங்கள முடிச்சிடலாம்னு. அட்வைசர பாத்தப்ப டிஎஸ்ஐ (காலேஜ் பாடத்துக்கு ரெடியான்னு பாக்கற டெக்சாஸ் டெஸ்ட்) எழுதிட்டு வாங்க, பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது, படிச்சிட்டு வரணும்னு ஒண்ணும் இல்ல, உங்க லெவல் தெரிஞ்சிக்கத்தான்னு சொன்னாங்க, நானும் நம்பி ஒரு நாள் கூட புக்க தொடாம போய் உக்காந்துட்டேன்.

ஸ்கோர் இது: மேத்ஸ் 944, டயக்னாஸ்டிக் லெவல் 5. இங்கிலீஷ் 938, டயக்னாஸ்டிக் லெவல் 4, எஸ்ஸே 4. ரெண்டுமே "நாட் மெட்"னு, அதாவது வேண்டிய அளவு வரலேன்னு வந்திருச்சு. இப்ப கோரெக்விசிட்னு கூடவே இன்னொரு க்ளாஸ் எடுக்கணும், அதுக்கும் ஃபீஸ் கட்டணும்னு சொல்றாங்க. ப்ளஸ் டூவுல மேத்ஸ்ல 200க்கு 171 எடுத்தவ நான், அந்த ரிசல்ட்ட கையில வெச்சிகிட்டு பார்க்கிங்ல கார்லயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், வீட்டுக்கு போக மனசே வரல. திரும்ப எழுதலாமா, இல்ல அவங்க சொல்ற மாதிரி சேந்துடட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஃப்ரிஸ்கோ_அம்மா:
அய்யோ சுதா, மொதல்ல மனச விட்டுடாதம்மா. மேத்ஸ் 950 தான கேக்கறாங்க, நீ 944, ஆறு பாயிண்ட் தான். என் பையன் டென்த்ல எழுதினப்ப அவனுக்கும் எஸ்ஸேல 4 தான் வந்துச்சு, இங்கயே பொறந்து வளந்தவன் அவன். டியூட்டர் அண்ணா வருவாரு பாரு, அவரு கரெக்டா சொல்வாரு.

கணக்கு_டியூட்டர்:
வணக்கம் சுதா. நான் ஒரு கம்யூனிட்டி காலேஜ் லேர்னிங் சென்டர்ல மேத்ஸ் டியூட்டரா 11 வருஷமா இருக்கேன், வாரம் நாலு நாள் இதே கதையோட ஒருத்தராவது வர்றாங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

பாஸ் ஃபெயில் இல்லைங்கறது பேப்பர்ல உண்மைதான். ஆனா அந்த ஸ்கோர வெச்சுத்தான் நீங்க எந்த க்ளாஸ்ல உக்காரணும், எவ்ளோ காசு கட்டணும், எத்தன செமஸ்டர் ஆகும்னு முடிவாகுது, அப்ப அதுக்கு படிக்க வேணாம்னு சொல்றது எந்த விதத்துல நியாயம்? டெஸ்டுக்கு முன்னாடி ப்ரீ அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டின்னு ஒண்ணு கட்டாயம் முடிக்கணும், மாதிரி கேள்வி எல்லாம் அதுலயே இருக்கும். நூத்துல தொண்ணூறு பேரு அத க்ளிக் க்ளிக்னு தள்ளிட்டு வந்துடறாங்க.

இப்ப டெஸ்ட் எப்படி ஓடுதுன்னு பாருங்க. 2021 ஜனவரில இருந்து டிஎஸ்ஐஏ2ங்கற புது வெர்ஷன். மேத்ஸ்ல மொதல்ல 20 கேள்வி, 910ல இருந்து 990 வரைக்கும் ஸ்கோர். 950 வந்தா முடிஞ்சிது, வீட்டுக்கு போலாம். வரலேன்னா அங்கயே நிக்காம உடனே டயக்னாஸ்டிக்னு இன்னும் 48 கேள்வி, அதுல 1ல இருந்து 6 வரைக்கும் லெவல், மேத்ஸ்க்கு லெவல் 6 வந்தா அதுவும் செல்லும். நீங்க 944 எடுத்து லெவல் 5, அதாவது ரெண்டு வாசல்லயும் படி வரைக்கும் போய் நின்னிருக்கீங்க. இங்கிலீஷ்ல படிக்கறது எழுதறது ரெண்டையும் சேத்து 30 கேள்வி, அதுல 945ம் எஸ்ஸேல 5ம் வேணும், 945க்கு கீழ வந்தா டயக்னாஸ்டிக்ல 5 இல்லாட்டி 6 வந்து எஸ்ஸேலயும் 5 இருக்கணும். எஸ்ஸேல 4 வந்தா மத்ததுல எவ்ளோ எடுத்தாலும் ஆகாது.

ரெண்டு விஷயம் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஒண்ணு, டைம் லிமிட் கிடையாது. கடியாரத்த பாத்து பதறி 40 நிமிஷத்துல எந்திரிச்சி வர்றவங்க எத்தனையோ பேரு. ரெண்டு, ஒரு கேள்விய விட்டு அடுத்ததுக்கு போயிட்டா திரும்பி வர முடியாது, நீங்க போட்ட விடைய பொறுத்துதான் அடுத்த கேள்வி கஷ்டமா ஈஸியான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. நம்ம ஊரு பழக்கம் தெரிஞ்சத மொத எழுதிட்டு தெரியாதத கடைசில பாத்துக்கலாம்னு இல்லியா, அது இங்க எடுபடாது. ஒவ்வொண்ணையும் அங்கயே உக்காந்து முடிச்சிட்டுத்தான் நகரணும்.

என் அபிப்பிராயம்: மேத்ஸ் மட்டும் திரும்ப எழுதுங்க, ஒரு மாசம் படிச்சா போதும். ரீடெஸ்ட் எத்தன நாள் கழிச்சி, எவ்ளோ ஃபீஸுன்னு காலேஜுக்கு காலேஜ் ரூல் வேற, டெஸ்டிங் சென்டர்ல நேரா கேளுங்க. இங்கிலீஷ் பத்தி எழுத்தாணி மேடம் சொல்லட்டும். ஆமா, எந்த கேள்வில மாட்டினீங்கன்னு ஏதாவது ஞாபகம் இருக்கா?

ஹூஸ்டன்_91:
இந்த இழைய படிச்சதும் என் கதை ஞாபகம் வந்துடுச்சு. நான் 1991ல 18 வயசுல அப்பாவோட ஹூஸ்டன் வந்தவன். அப்ப இதுக்கு பேரு டாஸ்ப், டெக்சாஸ் அகாடமிக் ஸ்கில்ஸ் ப்ரோக்ராம், 1987ல சட்டம் போட்டு 1989 ஃபால்ல இருந்து ஆரம்பிச்சாங்க. ரீடிங், மேத்ஸ், ரைட்டிங் மூணு. பென்சில் பேப்பர் தான், அஞ்சு மணி நேரம், காலைல இட்லிய டப்பால கட்டிகிட்டு போனேன்.

அப்ப விஷயம் இன்னும் கடுசு தம்பி தங்கைங்களா. மூணையும் முடிக்காம ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி கையில தர மாட்டாங்க, யூனிவர்சிட்டில மேல் வகுப்பு பாடத்துக்கும் விட மாட்டாங்க. எனக்கு மேத்ஸும் ரீடிங்கும் மொத தடவையே வந்துடுச்சு, ரைட்டிங் மூணு தடவ. அது வர்ற வரைக்கும் க்ரெடிட் இல்லாத ரெமீடியல் க்ளாஸ்ல உக்காரணும், காசும் போகும் நேரமும் போகும், டிகிரி பக்கம் ஒரு அடி கூட நகராது. என் கூட கேஸ் ஸ்டேஷன்ல வேலை பாத்த பையன் ஒருத்தன், நல்ல மூளை, ரெமீடியல்ல மூணு செமஸ்டர் உக்காந்து வெறுத்துப் போய் விட்டுட்டான். அவன் முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

2003ல டாஸ்ப எடுத்துட்டு டிஎஸ்ஐ கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் 2017ல ஹவுஸ் பில் 2223ன்னு ஒரு சட்டம், ரெமீடியல் எடுக்கறவங்கள தனியா பூட்டி வெக்காம, க்ரெடிட் இருக்கற க்ளாஸ்லயே சேத்து கூட ஒரு சப்போர்ட் க்ளாஸ் கொடுன்னு. 2020க்குள்ள நூத்துக்கு 75 பேராவது அப்படித்தான் இருக்கணும்னு. சுதாம்மா, அந்த கோரெக்விசிட்ட நீ தண்டனையா பாக்கறே, எங்க காலத்துல அப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்தப் பையன் இன்னிக்கு இன்ஜினியர்.

தாம்பா_வாசு:
அண்ணே எங்க ஃப்ளோரிடா கதையையும் சேத்துக்கங்க. நான் 90கள்ல படிச்சப்ப இங்க க்ளாஸ்ட்னு ஒரு டெஸ்ட். காலேஜ் லெவல் அகாடமிக் ஸ்கில்ஸ் டெஸ்ட்டுங்கறதோட சுருக்கம். 1982ல ஆரம்பிச்சது. உங்க டிஎஸ்ஐ காலேஜ் வாசல்ல நிக்கிது, எங்களுது நடு வழில நின்னுச்சு. ரெண்டு வருஷம் படிச்சி முடிச்சி 60 க்ரெடிட் கையில இருக்கும்போது எஸ்ஸே, இங்கிலீஷ், ரீடிங், மேத்ஸ்னு நாலும் க்ளியர் பண்ணாத்தான் ஏஏ, அதாவது அசோசியேட் டிகிரி. நாலுல மூணு வந்தா மேல ஒரு 36 க்ரெடிட் வரைக்கும் எடுக்க விடுவாங்க, அதுக்குள்ள மிச்சத்த முடிக்கணும். எனக்கு எஸ்ஸே தான் பாக்கி நின்னுச்சு, ஒவ்வொரு செமஸ்டரும் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணும்போது வயித்துல புளிய கரைக்கும்.

அது போக கார்டன் ரூல்னு ஒண்ணு, ஜாக் கார்டன்னு ஒரு ஸ்டேட் செனட்டர் கொண்டு வந்தது, அவர் பேருலயே நின்னுடுச்சு. டிகிரிக்குள்ள மொத்தம் 24,000 வார்த்தை எழுதியிருக்கணும். அப்ப திட்டிகிட்டே எழுதினோம், ஆனா மனசார சொல்றேன், எனக்கு எழுத வந்தது க்ளாஸ்ட்டால இல்ல, அந்த 24,000 வார்த்தையால தான். க்ளாஸ்ட்ட 2009ல எடுத்துட்டாங்க. கார்டன் ரூல் போகல.

வித்யா_ஆஸ்டின்:
வாசு சொன்ன கடைசி வரி தான் என் கட்சி. ஒரு நாள் காலைல ரெண்டு மணி நேரம் ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வெச்சு இவளுக்கு காலேஜ் படிப்பு வருமா வராதான்னு தீர்மானம் பண்றதே தப்புங்க. இத்தன வருஷம் கழிச்சு திரும்ப படிக்க வர்ற பொம்பளைக்கு வேண்டியது க்ளாஸும் ஒரு நல்ல வாத்தியாரும். இந்த டெஸ்ட் அவளுக்கு தர்றது ஒரு முத்திரை, "நீ ரெடி இல்ல"ன்னு. சுதா கார்ல உக்காந்து அழுதாங்களே, அந்த அரை மணி நேரத்துல எத்தன பேரு இது நமக்கு சரிப்படாதுன்னு திரும்பி போயிருப்பாங்க?

கணக்கு_டியூட்டர்:
வித்யா, உங்க கோவம் எனக்கும் உண்டு. ஆனா டெஸ்டே இல்லாம நேரா காலேஜ் அல்ஜிப்ரால விட்டு மூணாவது வாரத்துல பின்னத்துல தடுமாறி ட்ராப் பண்ணிட்டு போறவங்களையும் நான் தான் பாக்கறேன். அப்ப போறது முழு ஃபீஸ், ட்ரான்ஸ்க்ரிப்ட்ல ஒரு டபிள்யூ (பாதில விட்டுட்டாங்கன்னு அர்த்தம்) வேற. எங்க இடிக்குதுன்னு முன்னாடியே தெரியறதுல தப்பில்ல. படிச்சிட்டு வா, எழுது, அதுக்கு தகுந்த உதவி தர்றேன்னு சொல்லிட்டு வெச்சா நல்ல டெஸ்ட். சும்மா வந்து எழுதுன்னு சொல்றதுல தான் அநியாயமே.

இன்னொண்ணு, சுதா நர்ஸிங்னு சொன்னதால: பெரும்பாலும் அவங்களுக்கு காலேஜ் அல்ஜிப்ரா வேண்டியதில்ல, ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும், மேத் 1342. பிசினஸ்னா 1324, இன்ஜினியரிங் பக்கம் போறவங்களுக்குத்தான் 1314, அதான் காலேஜ் அல்ஜிப்ரா. எந்த ப்ரோக்ராம் எந்த மேத்ஸ் கேக்குதுன்னு பாக்காம எல்லாரையும் 1314ல தள்ளி விடறது ரொம்ப நடக்குது, அட்வைசர் கிட்ட நம்பர் சொல்லி கேளுங்க.

ஃப்ரிஸ்கோ_அம்மா:
இந்த இழைய ஸ்கூல் பசங்க பேரன்ட்ஸும் படிப்பாங்க, அதனால ஒண்ணு சொல்லிக்கறேன். டூயல் க்ரெடிட் (ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் பாடம்) எடுக்கணும்னா ஹைஸ்கூல் பசங்களுக்கும் இந்த டிஎஸ்ஐ உண்டு. ஆனா எஸ்ஏடில ரீடிங் ரைட்டிங் 480ம் மேத்ஸ் 530ம் இருந்தா டிஎஸ்ஐயே எழுத வேணாம், ஏசிடின்னா இங்கிலீஷ் ரீடிங் சேத்து 40, மேத்ஸ் 22. ஒண்ணுல வந்து இன்னொண்ணுல வரலேன்னா வராததுக்கு மட்டும் டிஎஸ்ஐ எழுதினா போதும். எங்க வீட்டுல மேத்ஸ் எஸ்ஏடிலயே முடிஞ்சிது, எஸ்ஸேக்குத்தான் ரெண்டு தடவ அலைஞ்சோம். ஸ்கோர் 5 வருஷம் செல்லும், அதனால சின்ன வயசுலயே எழுதி வெச்சிடறேன்னு எட்டாவதுல எழுத வெக்கறவங்க கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க.

சுகர்லேண்ட்_மணி:
சின்ன சர்டிஃபிகேட் கோர்ஸுக்கு, அதாவது 42 க்ரெடிட்டுக்குள்ள முடியற லெவல் ஒன் சர்டிஃபிகேட்டுக்கு டிஎஸ்ஐ கேக்க மாட்டாங்க. என் வைஃப் அப்படித்தான் ஆரம்பிச்சா, இன்னிக்கு டிகிரி கேண்டிடேட். ஏற்கனவே டிகிரி முடிச்சவங்களுக்கும் விலக்கு உண்டு, ஆனா நம்ம ஊரு டிகிரின்னா அது இங்க எதுக்கு சமம்னு எவால்யூவேஷன் பண்ணி கொண்டு வான்னு கேப்பாங்க, அத முன்னாடியே பண்ணி வெச்சிக்கங்க, வாரக்கணக்கா ஆகும்.

கரூர்_சுதா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. ஹூஸ்டன் அண்ணா எழுதினத படிச்சி கண்ணு கலங்கிடுச்சு. டியூட்டர் அண்ணா கேட்டீங்களே, கேள்விய அப்படியே எழுதக்கூடாதுன்னு சொன்னாங்க, ஆனா அந்த மாதிரி ஒண்ணு: 20 பர்சென்ட் தள்ளுபடி போக ஒரு சட்ட 36 டாலர்னா தள்ளுபடிக்கு முன்னாடி வெல என்ன. நான் 36ல 20 பர்சென்ட் 7.20, அத கூட்டினா 43.20ன்னு போட்டேன், ஆப்ஷன்ல 43.20 இருந்துச்சு, அதான் சரின்னு க்ளிக் பண்ணிட்டேன்.

கணக்கு_டியூட்டர்:
இதத்தான் எதிர்பாத்தேன். அந்த 43.20 ஆப்ஷன்ல இருக்கறது தற்செயல் இல்ல, இந்த தப்ப பண்றவங்களுக்காகவே வெச்சது. 20 பர்சென்ட் எதுல? பழைய வெலைல. உங்க கையில இருக்கறது புது வெல. நூறு ரூபா சட்டைன்னு வெச்சிக்கங்க, 20 போனா 80. அப்ப 36ங்கறது 80 பங்கு. 36ஐ 80ஆல வகுத்து 100ஆல பெருக்குங்க, 45. சரி பாக்கணும்னா 45ல 20 பர்சென்ட் 9, கழிச்சா 36. "எதுல பர்சென்ட்"னு ஒரு தடவ வாய் விட்டு கேட்டுகிட்டு ஆரம்பிச்சா இந்த ரக கேள்வி எதுலயும் விழ மாட்டீங்க.

உங்களுக்கு மேத்ஸ் தெரியாம போகல. ப்ளஸ் டூல இன்டக்ரேஷன் போட்டவங்களுக்கு இங்க வர்றது பத்தாம் வகுப்பு கணக்கு தான், ஆனா இங்கிலீஷ்ல கதையா சொல்லி, அடி, அங்குலம், கேலன்னு நமக்கு பழகாத அளவுல கேப்பாங்க. தினம் பத்து வர்ட் ப்ராப்ளம், விடை வரலேன்னாலும் பரவால்ல, என்ன கேக்கறாங்கன்னு தமிழ்ல ஒரு வரி பக்கத்துல எழுதுங்க. கால்குலேட்டர் சில கேள்விக்கு மட்டும் ஸ்க்ரீன்லயே வரும், வராததுக்கு வாய்ப்பாடு தான், அதுல நீங்க ராணியா இருப்பீங்க.

எழுத்தாணி:
லேட்டா வர்றேன், மன்னிச்சிக்கங்க. நான் ஒரு காலேஜ் ரைட்டிங் சென்டர்ல வேலை பாக்கறேன், தமிழ்ல படிச்சிட்டு வர்றவங்க எஸ்ஸேய நிறைய பாத்திருக்கேன், அதுல ரெண்டு விஷயம் திரும்ப திரும்ப வருது.

மொதல் விஷயம், நாம ஸ்கூல்ல எழுதின கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, செல்போனால் நன்மைகள் தீமைகள், இரண்டும் உண்டு, அளவோடு பயன்படுத்துவோம்னு முடிப்போம். டிஎஸ்ஐ எஸ்ஸேல ஒரு சின்ன பத்தி குடுத்து உன் நிலை என்னன்னு கேக்கறாங்க, 300ல இருந்து 600 வார்த்தை. அங்க ரெண்டும் சரிதான்னு எழுதினா ஒண்ணுமே சொல்லலேன்னு அர்த்தம். இத பட்டிமன்றம்னு நினைச்சிக்கங்க சுதா, நடுவர் நாற்காலில உக்காராதீங்க, ஒரு அணில போய் நில்லுங்க. மொத பத்திலயே எந்த அணின்னு சொல்லிடணும். அப்பறம் ரெண்டு காரணம், ஒவ்வொண்ணுக்கும் உங்க வாழ்க்கைல இருந்து ஒரு சம்பவம். நீங்க மொத போஸ்ட்ல கார்ல உக்காந்திருந்தத எழுதினீங்களே, அந்த மாதிரி. எதிர் அணி என்ன சொல்லும்னு ஒரு நாலு வரி, அதுக்கு உங்க பதில்.

ரெண்டாவது, வாக்கியம். தமிழ்ல "கடைக்குப் போய் பால் வாங்கி வீட்டுக்கு வந்து காபி போட்டேன்"னா ஒரே வாக்கியம், போய் வாங்கி வந்துன்னு எச்சமா தொங்கிகிட்டே வரும், முற்று கடைசில ஒண்ணே ஒண்ணு. அதே மூச்சுல இங்கிலீஷ்ல எழுதும்போது ஒவ்வொரு வினையும் முற்றா மாறிடுது, நாம கமா மட்டும் போட்டு ஓட்டிகிட்டே போறோம், "ஐ வென்ட் டு த ஷாப், ஐ பாட் மில்க், ஐ கேம் ஹோம்"னு. அதுக்கு பேரு கமா ஸ்ப்ளைஸ், எஸ்ஸேலயும் மார்க் போகும், அந்த 30 கேள்விலயும் கமாவுக்கு பதிலா என்ன வரணும்னு கேப்பாங்க. எழுதி முடிச்சதும் கமாவ எல்லாம் ஒவ்வொண்ணா தொட்டு பாருங்க, ரெண்டு பக்கமும் தனியா நிக்கிற வாக்கியமா இருந்தா அங்க முற்றுப்புள்ளி.

வாரம் ரெண்டு எஸ்ஸே எழுதி எனக்கு மெசேஜ்ல அனுப்புங்க, நான் பாத்து தர்றேன். இங்கிலீஷ் லெவல் 4ல இருந்து 5க்கு ஒரு மாசத்துல போறது கஷ்டம், ஆனா வராம போனாலும் மொத காலேஜ் இங்கிலீஷ் க்ளாஸான இங்கிலீஷ் 1301ஓட சப்போர்ட் க்ளாஸ் எடுங்க, வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

வித்யா_ஆஸ்டின்:
எழுத்தாணி மேடம், இத நான் சேவ் பண்ணிகிட்டேன். இவ்ளோ விஷயத்த டெஸ்டுக்கு முன்னாடி ஒரு ஆள் உக்காந்து சுதாவுக்கு சொல்லியிருந்தா... சரி விடுங்க.

கரூர்_சுதா:
ஏழு வாரம் கழிச்சி வர்றேன், மறந்திருக்க மாட்டீங்கன்னு நம்பறேன். போன வெள்ளிக்கிழமை ரெண்டையும் திரும்ப எழுதினேன். மேத்ஸ் 956! மொத 20 கேள்விலயே முடிஞ்சிடுச்சு, டயக்னாஸ்டிக்கே வரல, ஸ்க்ரீன் டக்குனு நின்னதும் ஏதோ தப்பாயிடுச்சோன்னு பயந்து அங்க இருந்த பொண்ண கூப்பிட்டு கேட்டேன். டியூட்டர் அண்ணா, ரெண்டு பர்சென்ட் கேள்வி வந்துச்சு, எதுல எதுலன்னு முணுமுணுத்துகிட்டே போட்டேன்.

இங்கிலீஷ்ல எஸ்ஸே 5 வந்துச்சு. எழுத்தாணி அக்கா, பதினோரு எஸ்ஸே திருத்தி தந்தீங்க, எங்க அம்மா கூட எனக்கு அவ்ளோ பொறுமையா சொல்லித் தந்ததில்ல. ஆனா 941, டயக்னாஸ்டிக் 4லயே நின்னுடுச்சு, அதனால இங்கிலீஷ் இன்னும் நாட் மெட் தான். மொத தடவ மாதிரி இடிஞ்சி போகல. 1301ம் சப்போர்ட் க்ளாஸும் சேத்து பதிவு பண்ணிட்டேன், கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸ் 1342. அட்வைசர் 1314னு தான் மொதல்ல போட்டாங்க, நம்பர் சொல்லி கேட்டேன், நர்ஸிங் ஷீட்ட எடுத்து பாத்துட்டு மாத்தி குடுத்தாங்க.

எழுத்தாணி:
என் தங்கம். 1301 மொத எஸ்ஸே டாபிக் வந்ததும் எனக்கு அனுப்பு.

ஹூஸ்டன்_91:
ரொம்ப சந்தோஷம் சுதாம்மா. க்ளாஸ் என்னிக்கு ஆரம்பம்?

கரூர்_சுதா:
ஜனவரி மூணாவது வாரம் அண்ணா. செவ்வாய், வியாழன் காலைல 9:30க்கு இங்கிலீஷ், அது முடிஞ்சதும் அதே ரூம்லயே சப்போர்ட் க்ளாஸ், அதே மேடம் தானாம். சின்னவள ஸ்கூல்ல விட்டுட்டு நேரா போனா சரியா இருக்கும். பெரியவ அவளோட பழைய ஸ்கூல் பேக்க தொவைச்சி காய வெச்சிருக்கா எனக்காக.